வடக்குச் சுவர்

ஹேக்கட், கொலராடோ
நவம்பர் 20, 1989

ஒலீட்டா,

நான் இருக்கிறேன். இரண்டு கால்களும் ஒரு இதயமும் வேலை செய்கின்றன. உன் முட்டிகள் எப்படி? டாக்டர் கொடுத்த களிம்பைத் தடவுகிறாயா, அலமாரியில் அழகுக்கு வைத்திருக்கிறாயா?

பனிச்சறுக்கு ஆட்களை மேலே ஏற்றும் லிஃப்டுகள் மலையில் ஓடத் தொடங்கிவிட்டன. கம்பெனிக்காரர்கள் இந்த வருடம் பஸ் நிறுத்தத்தை இரும்புக் கடை வாசலிலிருந்து எடுத்து, ப்ரேதரின் மோட்டல் வாசலில் வைத்திருக்கிறார்கள். அந்த மலையின் லிஃப்ட் இயந்திரங்களோடு இருபத்திரண்டு வருடம் கிடந்தவன் நான். ஒரு வார்த்தை கேட்கவில்லை. டிரைவரிடம் போய்ச் சொன்னேன். "பெரியவரே, நான் வண்டி ஓட்டுறவன். நிறுத்தம் வைக்கிறவன் இல்ல. ஏறுறீங்களா, கதவ சாத்தட்டுமா?" என்றான். ஏறவில்லை.

கீழ் அறை தயார். கர்ட்டிஸுக்கும் ஜெனெலுக்கும் பெரிய கட்டில், குழந்தை கெண்ட்ராவுக்கு ஹீட்டர் பக்கத்தில் சிறிய கட்டில். கம்பளிகளைத் துவைத்துவிட்டேன். மலையடியில் அறை எடுத்துத் தங்குகிறவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வருகிறது. படுத்துத் தூங்க எதற்கு மலை? பதினெட்டு மைல் கீழே, என் ஊரில், என் வீட்டில் தூங்கிவிட்டுக் காலை பஸ்ஸில் ஏறிப் போனால் அதே பனிதான். உன் மகன் குடும்பம் ஆறு வருடமாக அப்படித்தான் வந்து போகிறது. சொந்தக்காரன் வீடு இருக்கும் ஊரில் நம் வீட்டு ஆட்கள் வேறு கூரையின் கீழ் படுத்ததில்லை. அப்பா காலத்திலிருந்து இது வழக்கம்.

கூரை என்றதும் ஞாபகம். போன வருடம் மரப் பலகையைப் பிரித்துவிட்டு நான் போட்ட தகரம் சொன்ன பேச்சைக் கேட்கிறது. பனி கொஞ்சம் ஏறினால் தானாகவே சரிந்து வடக்குப் பக்கம் விழுந்துவிடுகிறது. நான் ஏணி ஏறுவதையே விட்டுவிட்டேன்.

பிப்ரவரியில் எந்தத் தேதி வருகிறார்கள் என்று எழுது. ஃபோனைத்தான் எடுத்துவிட்டேனே, கடிதமாகவே எழுது. போன பிப்ரவரியில் இரண்டு நாள் முன்னதாகவே கிளம்பிப் போனார்கள். அதற்குப் பிறகு ஒரு வாழ்த்து அட்டைகூட இல்லை. நான் அதைப் பெரிதுபடுத்தவில்லை.

உன் அண்ணன்,
வெர்லின்


ஓபர்லின், கான்சாஸ்
டிசம்பர் 9, 1989

அன்புள்ள அண்ணா,

உன் கடிதம் வந்து சேர்ந்தது. நீ திடமாக இருப்பது சந்தோஷம். என் முட்டிகள் குளிரில் முனகுகின்றன; மற்றபடி குறையில்லை. இங்கே பனியே இல்லை, காற்றுதான். கோதுமை வயல் மண்ணெல்லாம் என் ஜன்னல் விளிம்பில் வந்து உட்கார்ந்திருக்கிறது.

தாமதத்துக்கு மன்னித்துக்கொள். கர்ட்டிஸுக்குக் கிடங்கில் வேலை அதிகம். கெண்ட்ராவுக்குப் பள்ளிக்கூடத்தில் ஏதோ பாட்டு நிகழ்ச்சி. இந்த வருடம் மலைக்கு வருவது சந்தேகம் என்கிறார்கள். நீ கட்டில் போட்டுக் கம்பளி துவைத்ததைச் சொன்னேன். கர்ட்டிஸ் தலையாட்டினான்.

தகரக் கூரை நல்லபடி இருப்பதில் மகிழ்ச்சி. உன் வயதுக்கு ஏணி வேண்டாம். கிறிஸ்துமஸுக்கு அத்திப்பழ ரொட்டி அனுப்பியிருக்கிறேன். பார்சல் நசுங்கியிருந்தால் கரண்டியால் சாப்பிடு.

உன் தங்கை,
ஒலீட்டா


ஹேக்கட்
டிசம்பர் 15, 1989

ஒலீட்டா,

ரொட்டி நசுங்காமல் வந்தது. நன்றி. உன் கடிதம்தான் நசுங்கி வந்திருக்கிறது.

பிப்ரவரியில் என்ன பாட்டு நிகழ்ச்சி? கெண்ட்ராவுக்குப் பாட வராது. அவள் பாடி நான் கேட்டிருக்கிறேன். நீ பொய் சொல்லும்போது பள்ளிக்கூடத்தை இழுப்பாய். நம் சின்ன வயதிலேயே அப்படித்தான்.

போன வருடம் நடந்ததுதான் காரணம் என்றால் அதை நேராகப் பேசுவோம். நடந்ததை எழுதுகிறேன், கர்ட்டிஸிடம் படித்துக் காட்டு.

வந்த இரண்டாம் நாள் காலையில் கெண்ட்ரா தலைவலி என்றாள். சமவெளியிலிருந்து எட்டாயிரம் அடிக்கு வருகிறவர்களுக்கு முதலில் தலைவலிக்கும். இது இந்த ஊர் நாய்க்கும் தெரியும். "தண்ணி நிறையக் குடி, உப்பு பிஸ்கட் தின்னு, ரெண்டு நாள்ல போயிடும்" என்றேன். இங்கே வருகிற ஆயிரம் பேருக்குச் சொல்கிற வைத்தியம்தான். மூன்றாம் நாள் காலையில் வாந்தி. "மாமா, அவ மேல ஹால் சோஃபாவுல படுக்கட்டும்" என்றாள் ஜெனெல். சோஃபாவில் படுத்தால் பழகாது, உடம்பு பழக வேண்டும் என்றேன். அன்று ராத்திரி ஜெனெல் கீழ் அறை ஜன்னலைத் திறந்து வைத்தாள். வெளியே பூஜ்யத்துக்குக் கீழே பத்து டிகிரி. நான் போய்ச் சாத்தினேன். மறுபடி திறந்தாள். காலையில் நான் சட்டத்தில் இரண்டு ஆணி அடித்தேன். ஊருக்கே ஹீட்டர் போட்டுக் கொடுக்க நான் கம்பெனிக்காரன் இல்லை.

இதுதான் நடந்தது. இதில் நான் செய்த குற்றம் என்ன? அந்த அறையை நான் யாருக்காகக் கட்டினேன்? மலைச்சரிவை வெட்டி, சுவர் எழுப்பி, கேஸ் ஹீட்டரோடு வந்த சிறு புத்தகத்தை ஒன்பது முறை படித்து, அதன் புகைக்குழாயை நானே சுவருக்கு வெளியே எடுத்துவிட்டு, ஒரு கொத்தனாரையோ மெக்கானிக்கையோ உள்ளே விடாமல் கட்டிய அறை. ஐந்து குளிர்காலம் அதில் தூங்கினார்கள், யாரும் தலையைப் பிடித்துக்கொள்ளவில்லை. ஆறாவது வருடம் திடீரென்று என் வீடு ஆகாமல் போய்விட்டதா?

தேதியை எழுது. களிம்பைத் தடவு.

வெர்லின்


ஓபர்லின்
ஜனவரி 8, 1990

அன்புள்ள அண்ணா,

புது வருடம் உனக்கு நல்லதாக இருக்கட்டும். சளி ஏதும் இல்லையே? எனக்கு ஒரு வாரம் இருமல், இப்போது பரவாயில்லை.

உன் கடிதத்தைக் கர்ட்டிஸிடம் படித்துக் காட்டவில்லை. காட்ட வேண்டாம் என்று தோன்றியது.

பிப்ரவரி நடுவில் நான்கு நாள் வரலாம் என்று பேசிக்கொள்கிறார்கள். உனக்குச் சிரமம் கொடுக்க வேண்டாம் என்று நினைக்கிறார்கள். அதைத் தப்பாக எடுத்துக்கொள்ளாதே. நீயும் எழுபத்து மூன்று வயதில் சமைத்து, பாத்திரம் கழுவி, படுக்கை விரித்து எத்தனை நாள்?

பக்கத்து வீட்டு நாய் குட்டி போட்டிருக்கிறது, ஐந்து.

ஒலீட்டா


ஹேக்கட்
ஜனவரி 17, 1990

ஒலீட்டா,

எனக்குச் சளி இல்லை. அவமானம் இருக்கிறது, அதற்குக் களிம்பு இல்லை.

இன்று காலை தபால் ஆபீஸில் உன் கடிதத்தைப் பிரித்துக்கொண்டிருந்தேன். ஆறேழு பேர் நின்றார்கள். மோட்டல் ப்ரேதர் கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்தான்.

"என்ன வெர்லின், வீடு பூட்டியாச்சா?"

"எதுக்குப் பூட்டணும்?"

"இல்ல, உங்க மருமகப்பிள்ள என்கிட்ட ரூம் போட்டிருக்காரு. அடுத்த மாசம் பதினேழாம் தேதியிலேர்ந்து நாலு ராத்திரி. பின்பக்கம் ஒன்பதாம் நம்பர். நான்கூடக் கேட்டேன், தாய்மாமன் வீடு மூணு தெரு தள்ளிதானேன்னு. பதிலே இல்ல. பயப்படாதீங்க, காலை டிபன் நல்லாவே குடுப்பேன்."

எல்லோரும் சிரித்தார்கள். தபால்காரி மட்டும் தலையைக் குனிந்து ஸ்டாம்பை எண்ணினாள். அவள் சிரித்திருந்தாலே தேவலாம்.

இந்த ஊரிலேயே, என் மூக்குக்குக் கீழே, ப்ரேதரின் மோட்டலில்! மலையடியில் தங்கியிருந்தால்கூட நான் பொறுத்திருப்பேன். ஹேக்கட்டில் வெர்லின் ஸ்ட்ரவுடின் ஆட்கள் மோட்டலில் படுக்கிறார்கள் என்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான், அது உனக்கும் தெரியும்.

கீழ் அறையை வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டேன். மலையில் லிஃப்டின் கம்பிவடத்தைப் பின்னி இணைக்க வந்திருக்கும் ஆள், பெயர் பெங்கெலி, லெட்வில் ஊர்க்காரர், ஐம்பது வயது. மார்ச் வரை இருப்பார். ஒழுங்கான மனிதர், படுக்கையை அவரே விரித்துக்கொள்கிறார், ஜன்னல் பக்கம் போவதில்லை.

கர்ட்டிஸ் என் வாசலுக்கு வர வேண்டாம். ஆனால் காரணம் என்ன என்று நீ எனக்குச் சொல்ல வேண்டும். ஒரு வருடமாக ஏதோ ஒன்றை வாய்க்குள் வைத்திருக்கிறாய். துப்பு.

வெர்லின்


ஓபர்லின்
ஜனவரி 29, 1990

அண்ணா,

நலம் விசாரிக்கும் மனநிலையில் நீயும் இல்லை, நானும் இல்லை. நீ கேட்டதைச் சொல்கிறேன்.

போன வருடம் உன் வீட்டிலிருந்து விடியற்காலையில் கிளம்பினார்கள் அல்லவா? மலைப்பாதை இறங்கி முதல் பெட்ரோல் பங்கில் நிறுத்தியபோது கெண்ட்ரா காரிலிருந்து இறங்கி நான்கு அடி நடந்து, அப்படியே சரிந்து விழுந்தாள். கூப்பிட்டால் கண் திறக்கவில்லை. ஜெனெல் தூக்கிக் காரில் போட்டுக்கொள்ள, வழியில் இருந்த ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். முகத்தில் மூடி போட்டுக் காற்று கொடுத்தார்கள். இரண்டு நாள் இருந்தாள். சறுக்கு மலையிலிருந்து வருகிறோம் என்றதும் உயரம் ஒத்துக்கொள்ளவில்லை என்று எழுதி அனுப்பிவிட்டார்கள்.

ஜெனெல் உன்மேல் கோபப்படுவது உயரத்துக்காக அல்ல. கடைசி நாள் காலையில் நீ சமையலறையில் கர்ட்டிஸிடம் சொன்னாயாம்: "உன் பொண்ணு நல்லா நடிக்கிறாடா. மலைக்குப் போனா குதிக்கிறா, என் வீட்டுக்கு வந்தா சாகுறா." கெண்ட்ரா படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அதற்குப் பிறகு வலிக்கிறது என்று யாரிடமும் சொல்லவில்லை. விழுகிற வரை சொல்லவில்லை. ஆஸ்பத்திரியில் கண் விழித்ததும் அவள் முதலில் சொன்னது, "அம்மா, நான் நடிக்கல."

"என் குழந்தை இனி அந்தக் கூரைக்குக் கீழே தூங்காது" என்றாள் ஜெனெல். நான் ஒன்றும் சொல்லவில்லை. உன்னிடமும் சொல்லவில்லை. கேட்டால் நீ உடைந்துபோவாய் என்று நினைத்தேன். இல்லை, சத்தம் போடுவாய் என்று நினைத்தேன். இரண்டில் எது என்று இப்போது எனக்கே தெரியவில்லை.

ஒலீட்டா


ஹேக்கட்
பிப்ரவரி 4, 1990

ஒலீட்டா,

குழந்தை பிழைத்தது நல்லது. அதை முதலில் எழுதிவிடுகிறேன்.

ஆனால் ஒரு வருடம் இதை மறைத்தாயே, அதற்கு என்ன பேர்? என் வீட்டில் தங்கிய குழந்தை ஆஸ்பத்திரியில் கிடக்கிறது, எனக்குத் தெரியாது. நான் இங்கே கம்பளி துவைத்துக்கொண்டிருக்கிறேன்!

அந்த வார்த்தையை நான் சொன்னேன். இல்லை என்று சொல்ல மாட்டேன். ஏன் சொன்னேன் என்று கேட்டார்களா? மூன்று நாளும் நான் பார்த்தேன். காலையில் எழுந்தால் தலைவலி, வாந்தி, அழுகை. பஸ் ஏறி மேலே போனால் மத்தியானத்துக்குள் எல்லாம் சரி. ஒரு தட்டு உருளைக்கிழங்கு வறுவல் தின்றுவிட்டு நாள் முழுக்கச் சறுக்கினாள் என்று கர்ட்டிஸே சொன்னான். சாயங்காலம் வீட்டுக்கு வந்து, எட்டு மணிக்குப் படுத்து, காலையில் மறுபடி தலைவலி. மலை என் வீட்டைவிட இரண்டாயிரம் அடி மேலே இருக்கிறது. உயரத்தால் வருகிற வலி, உயரம் ஏறினால் போகுமா, இறங்கினால் வருமா? நீயே சொல். பெரியவர்கள் நாங்கள் மூன்று பேரும் பதினொரு மணி வரை மேல் ஹாலில் சீட்டு ஆடினோம், கர்ட்டிஸுக்கும் ஜெனெலுக்கும் காலையில் லேசான கனம், அவ்வளவுதான். அவளுக்கு மட்டும் எப்படி?

நடிப்பு என்று நினைத்தேன். வேறு எப்படி நினைப்பது?

ஆஸ்பத்திரிக்காரர்களே உயரம் என்று எழுதியிருக்கிறார்கள். அப்படியானால் முதல் நாள் நான் சொன்னது சரி. தண்ணீர் குடிக்கச் சொன்னவன் நான்.

ப்ரேதரின் மோட்டலில் சுகமாகத் தூங்கட்டும்.

வெர்லின்


ஹேக்கட்
பிப்ரவரி 12, 1990

ஒலீட்டா,

இதைப் படிக்கும் முன் உட்கார்ந்துகொள். எல்லோரும் உயிரோடு இருக்கிறோம்.

வெள்ளியும் சனியும் இங்கே பனி கொட்டியது. மூன்று அடி. சனி ராத்திரி கூரையிலிருந்து எல்லாம் மொத்தமாகச் சரிந்து விழுந்த சத்தம் கேட்டேன். சந்தோஷமாகத் திரும்பிப் படுத்தேன்.

ஞாயிறு காலையில் அடுப்பங்கரையில் காப்பி போட்டுக்கொண்டிருந்தேன். கீழ் அறைக் கதவு திறந்தது. பெங்கெலி நான்கு காலில் படியேறி வந்தார். தரையில் வாந்தி எடுத்தார். முகம் சாம்பல். நான் வழக்கமாகச் சொல்வதை வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"தண்ணி குடிங்க. உயரம். பழகிடும்."

அவர் தரையில் உட்கார்ந்தபடி என்னைப் பார்த்தார். "உயரமா? யோவ், நான் பிறந்து வளந்ததே லெட்வில்லுய்யா. பத்தாயிரம் அடி. உன் ஊருக்கு நான் இறங்கி வந்திருக்கேன்."

நான் காப்பியை அடுப்பிலிருந்து இறக்கினேன்.

"எங்கப்பா சுரங்கத்துல இருந்தவரு" என்றார். "கெட்ட காத்துன்னு சொல்லுவாரு. மணம் இருக்காது, கண்ணு எரியாது. தலை கனக்கும், கால் தள்ளாடும், அப்புறம் தூக்கம். மேல வந்துட்டா தெளிஞ்சிடும். கதவெல்லாம் திற, வெர்லின். உன் கீழ் அறையில கெட்ட காத்து இருக்கு."

எல்லாவற்றையும் திறந்தோம். பிறகு அவர் கோட்டைப் போட்டுக்கொண்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு, வீட்டைச் சுற்றி வந்தார். நான் பின்னால் போனேன். வடக்குப் பக்கம் குளிர்காலத்தில் யாரும் போவதில்லை. போக வேலையும் இல்லை. அங்கே என் நெஞ்சு உயரத்துக்குப் பனி, கல்லாக இறுகிக் கிடந்தது. கூரையிலிருந்து சரிந்தது. இரண்டு பேரும் தோண்டினோம். ஹீட்டரின் புகைக்குழாய் அதற்கு அடியில் இருந்தது. வாயில் பனிக்கட்டி அடைத்திருந்தது, பாட்டில் மூடியைப் போல. வெளியே போக வேண்டிய புகை முழுவதும் அறைக்குள் திரும்பியிருக்கிறது.

குழாயை நான் எடுத்துவிட்டபோது தகரக் கூரை இல்லை. மரப் பலகை பனியைப் பிடித்து வைத்திருந்தது. தகரம் போட்டபோது நான் குழாயை நினைக்கவில்லை. இரண்டும் நல்ல வேலை. தனித்தனியாக எடுத்தால் இன்றைக்கும் யாரும் குறை சொல்ல முடியாது. புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். நான்காம் பக்கத்தில், கூரையிலிருந்து பனி விழும் இடத்தில் குழாய் வைக்கக் கூடாது என்று அச்சடித்திருக்கிறது. ஒன்பது முறை படித்தவன் நான்.

ஆறாவது வருடம் திடீரென்று என்ன என்று உன்னிடம் கேட்டேன் அல்லவா? ஆறாவது வருடம்தான் தகரத்துக்கு முதல் வருடம். எட்டு மணிக்குப் படுத்தவள் அவள் ஒருத்தி. குழாய்ப் பக்கம் படுத்தவளும் அவள் ஒருத்தி. மேலே மலைக்குப் போனால் தெளிந்தாள். போன கடிதத்தில் எல்லாவற்றையும் நானே வரிசையாக எழுதியிருக்கிறேன், எடுத்துப் பார். எழுதி முடித்துவிட்டு, நடிப்பு என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

ஜெனெல் ஜன்னலைத் திறந்தாள். நான் ஆணி அடித்தேன்.

இது ஃபோனில் சொல்ல வேண்டிய செய்தி. கடைக்குப் போய் ஃபோன் முன்னால் கொஞ்ச நேரம் நின்றேன். முடியவில்லை. நீ கர்ட்டிஸிடம் சொல். அவர்கள் டாக்டரிடமும் சொல்லச் சொல். ஜெனெலுக்கு நான் தனியாக எழுதுகிறேன்.

வெர்லின்


ஹேக்கட்
பிப்ரவரி 12, 1990

ஜெனெலுக்கு,

ஒலீட்டா நடந்ததைச் சொல்வாள். நான் சொல்ல வேண்டியதை மட்டும் எழுதுகிறேன்.

கெண்ட்ராவுக்கு நோய் வந்தது உயரத்தால் அல்ல, என் வீட்டால். என் கையால். ஜன்னலைத் திறந்தது சரி. மூடியது தவறு. ஆணிகளைப் பிடுங்கிவிட்டேன், ஹீட்டரைக் கழற்றி வாசலில் போட்டுவிட்டேன், கீழ் அறைக்கு இனி யாரையும் விட மாட்டேன். பெங்கெலி மேல் ஹால் சோஃபாவில் படுக்கிறார்.

என் வீட்டுக்கு வா என்று நான் கேட்கவில்லை. கேட்கும் உரிமை எனக்கு இல்லை.

ஒன்று மட்டும். ப்ரேதரின் மோட்டலிலும் தகரக் கூரைதான். பின்பக்க அறைகளுக்கு ஜன்னலுக்குக் கீழே சுவர் ஹீட்டர். குழாய் பின் சுவரில், முழங்கால் உயரத்தில். ப்ரேதரிடம் போய்ச் சொன்னேன். "பதினஞ்சு வருஷமா யாரும் சாகல, வெர்லின். உன் வீட்டுக் கதைய என் தலையில கட்டாதே" என்றான். ஜன்னலை ஒரு விரல் அளவு திறந்து வைத்துத் தூங்குங்கள்.

வெர்லின் ஸ்ட்ரவுட்


ஓபர்லின்
பிப்ரவரி 16, 1990

அண்ணா,

சொல்லிவிட்டேன். கர்ட்டிஸ் எழுந்து வெளியே போய்த் தானியக் கிடங்கு ஓரம் ரொம்ப நேரம் நின்றான். ஜெனெல் உன் கடிதத்தை இரண்டு முறை படித்தாள். மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

எனக்குத் தூக்கமில்லை. போன வருடமே, அவள் விழுந்த செய்தியை உனக்கு நான் ஒரு வரி எழுதியிருந்தால், நீ கத்தியிருப்பாய், கத்திவிட்டு யோசித்திருப்பாய். உனக்கு யோசிக்கத் தெரியும். நான் உன் சத்தத்துக்குப் பயந்து வாயை மூடிக்கொண்டிருந்தேன். இந்தக் குளிர்காலம் முழுக்க நீ அந்த வீட்டில் தூங்கியிருக்கிறாய். பெங்கெலி என்ற அந்த மனிதருக்கு வீட்டில் யார் யார் இருக்கிறார்கள்?

நாளை விடியலில் கிளம்புகிறார்கள். மோட்டலில்தான்.

ஒலீட்டா


ப்ரேதர் மோட்டல், அறை 9
பிப்ரவரி 19, 1990

வெர்லின் மாமா,

இதைக் கர்ட்டிஸ் உங்கள் கதவுக்கு அடியில் போட்டுவிட்டு வருவார். அவரை உள்ளே கூப்பிட வேண்டாம், வர மாட்டார்.

உங்கள் கடிதத்தைப் படித்தேன். மன்னித்துவிட்டேன் என்று எழுத இதைத் தொடங்கவில்லை. அவளை நான் பெட்ரோல் பங்க் தரையிலிருந்து தூக்கியிருக்கிறேன். நீங்கள் தூக்கவில்லை.

நேற்றும் இன்றும் காலையில் பனி. இரண்டு நாளும் நாங்கள் எழுந்தபோது எங்கள் பின் சுவர் ஓரம் புல் தெரிகிற வரை வெட்டியிருந்தது. ப்ரேதர் வெட்டியிருப்பார் என்று நினைத்துக் கர்ட்டிஸ் நன்றி சொல்லப் போனார். "நானா? என் இடுப்புக்கு நான் குனியறதே காப்பிக் கோப்பை விழுந்தாத்தான்" என்றாராம். இன்று விடிகிற நேரத்தில் கெண்ட்ரா திரைச்சீலையை விலக்கிப் பார்த்துவிட்டு, "அம்மா, வெர்லின் தாத்தா நம்ம சுவத்துப் பனிய வெட்டிட்டிருக்காரு" என்றாள். நான் கோட்டைத் தேடிப் போட்டுக்கொண்டு வெளியே வந்தபோது நீங்கள் போய்விட்டீர்கள். தடத்தைப் பார்த்தேன். எங்கள் அறையோடு நிற்கவில்லை. ஏழாம் நம்பரிலிருந்து பன்னிரண்டு வரை, பின்பக்கத்தில் இருக்கும் ஆறு குழாயைச் சுற்றியும் பனியை வெட்டியிருக்கிறீர்கள்.

நாளை காலை ஏழு மணிக்கு அறையிலேயே டோஸ்டரில் ரொட்டி சுடுவேன். எட்டு மணிக்குத்தான் பஸ். முன்பக்கக் கதவு வழியாக வாருங்கள். ஆனால் ஒன்று. அவள் நடிக்கவில்லை என்று நீங்கள் எனக்கு எழுதிவிட்டீர்கள். அவளிடம் சொல்லவில்லை. அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும், அவள் அப்பா எதிரில். முடியாது என்றால் வர வேண்டாம். நான் புரிந்துகொள்வேன், அவள் புரிந்துகொள்ள மாட்டாள்.

ஜெனெல்


ஹேக்கட்
பிப்ரவரி 22, 1990

ஒலீட்டா,

நலம்தான். தோள்பட்டை மட்டும் வலிக்கிறது. உன் களிம்பில் பாதியை எனக்கு அனுப்பு.

பெங்கெலிக்கு மனைவியும் இரண்டு மகள்களும் இருக்கிறார்கள். நீ கேட்ட பிறகுதான் நானும் கேட்டேன். அவர் இன்னும் என் சோஃபாவில்தான் இருக்கிறார். போகச் சொன்னேன். "நீ தூங்கிட்டா யாரு எழுப்புறது?" என்கிறார்.

செவ்வாய்க்கிழமை ஏழு மணிக்கு ப்ரேதரின் மோட்டலுக்குப் போனேன். பதினைந்து வருடத்தில் முதல் முறை. முன்வாசலில் அவனே நின்றான். "என்ன வெர்லின், ரூம் வேணுமா?" என்றான். விருந்துக்கு வந்திருக்கிறேன் என்றேன். வழி விட்டான்.

ஒன்பதாம் நம்பர் அறை மூன்று பேருக்கே போதாது. நான் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தேன். கெண்ட்ரா என்னைவிட உயரமாகத் தெரிந்தாள், நின்றுகொண்டிருந்ததால். வளர்ந்துவிட்டாள். என் தொப்பியை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்திருந்தேன். ஜெனெல் எங்கள் பக்கம் திரும்பவில்லை. ரொட்டி கருகும் வாசனை வந்தது, அதற்கும் அவள் திரும்பவில்லை.

நான் வீட்டில் நான்கைந்து வாக்கியம் தயாரித்து வைத்திருந்தேன். குழாயைப் பற்றி, தகரத்தைப் பற்றி. அவள் முகத்தைப் பார்த்ததும் அதெல்லாம் சொல்லக்கூடியதாக இல்லை.

"நீ நடிக்கல" என்றேன். "உனக்கு நிஜமாவே வலிச்சுது. நான் சொன்னது தப்பு."

குளியலறைக்குள் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

"இன்னொரு தடவ சொல்லுங்க" என்றாள். "அப்பா பல்லு தேச்சிட்டிருக்காரு. அவருக்குக் கேட்டிருக்காது."

தண்ணீர் நின்றது. கர்ட்டிஸ் வாயெல்லாம் நுரையோடு குளியலறை வாசலில் வந்து நின்றான்.

மறுபடி சொன்னேன்.

வெர்லின்